கறுப்பு ஹாலிஹாக் ஏன் வெளிறிப் போகிறது?

கேள்வி, மார்ச் 11
ஹாலிஹாக் என்பது செம்பருத்திக் குடும்பத்தில் உயரமாக வளரும் பூச்செடி. அதில் கறுப்பு என்று போட்டிருந்த விதைப் பொட்டலம் வாங்கி விதைத்தேன். வந்த செடிகள் எல்லாமே நல்ல கருமெரூன். அவை தானாக விதை உதிர்த்து, அடுத்த தலைமுறை முளைத்துப் பூத்தபோது பாதிக்கு மேல் சிவப்பு, சில இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. பக்கத்துத் தோட்டத்தில் பல நிற ஹாலிஹாக் நிற்கிறது, ஆனால் நடுவில் உயரமான வேலி இருக்கிறது. என் மண்ணில் சத்துக் குறைந்துதான் நிறம் போயிருக்க வேண்டும். இரும்புச்சத்து போட்டால் கறுப்பு திரும்புமா?

பதில், மார்ச் 11, இரவு
திரும்பாது. மண்ணைப் பார்த்து நிறம் மாறுவது ஹைட்ராஞ்சியா என்ற பூச்செடியின் குணம். அதில் புளிப்பு மண்ணில் அலுமினியம் செடிக்குக் கிடைத்துப் பூ நீலமாகிறது. ஹாலிஹாக்குக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. சத்தில்லாத மண்ணில் பூ சிறுக்கும், தண்டு குட்டையாகும். கருமெரூன் செடி வெள்ளையாகப் பூக்காது.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: பக்கத்துத் தோட்டம். ஹாலிஹாக் பூவில் மகரந்தம் முதலில் முதிர்ந்து உதிர்கிறது, மகரந்தத்தை வாங்கும் பெண்பகுதியின் நுனியான சூல்முடி அதன் பிறகுதான் விரிகிறது. தன் மகரந்தம் பெரும்பாலும் தனக்கு உதவாதபடி அமைந்த பூ இது. அனேகமாக வேறு பூவிலிருந்துதான் மகரந்தம் வருகிறது, அதைக் கொண்டுவருவது தேனீக்கள். தேனீக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை, இரை தேடிச் சில கிலோமீட்டர்கூடப் போகும். உங்கள் கறுப்புச் செடியின் விதைக்குத் தாய் தெரியும், தகப்பன் யாரென்று தெரியாது.

மார்ச் 12
நேற்று எல்லாப் பழியையும் பக்கத்துத் தோட்டத்தின் மேல் போட்டது சரியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் இளஞ்சிவப்பும் அங்கிருந்து வந்திருக்கலாம். அந்த வெள்ளைதான் இடிக்கிறது. பூக்களில் வெள்ளை பெரும்பாலும் ஒடுங்கு பண்பு, அது வெளியே தெரிய வேண்டுமானால் தாய் தகப்பன் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் கருமெரூன் செடிகளில் ஒன்றாவது உள்ளுக்குள் வெள்ளையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. பொட்டலத்தில் வந்த முதல் தலைமுறை ஒரே நிறமாக இருந்ததால் விதை சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது.

ஆகவே இது ஒரே வருடத்தில் சரியாகிற விஷயம் இல்லை. ஆனால் முடியாத விஷயமும் இல்லை. பழைய ரகம் எதுவும் தானாகப் பிழைத்து நம்மிடம் வந்து சேரவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் நின்று பார்த்து, இது வேண்டும் அது வேண்டாம் என்று பிரித்திருக்கிறார். அந்த வேலை இப்போது உங்களிடம் வந்திருக்கிறது.

மார்ச் 14
"அப்படியானால் உண்மையான கறுப்பு எது?" என்று கேட்டிருந்தீர்கள்.

உண்மையான கறுப்பு கிடையாது. இதழில் இருப்பது ஆந்தோசயனின் நிறமிகள், டெல்பினிடின், மால்விடின் வகை. அவை மிக அடர்த்தியாகச் சேரும்போது ஒளியை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடுகின்றன, நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. இதழுக்குப் பின்னால் சூரியன் நிற்கும்போது பாருங்கள், திராட்சை ரச நிறம் பளிச்சென்று வரும். 1629இல் வெளியான தன் தோட்ட நூலில் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் பார்க்கின்சன் இந்தப் பூவைக் கறுத்த இரத்தம் போன்ற அடர்சிவப்பு என்று எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 400 வருடங்கள் கழித்தும் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வாங்கும்போது பெயரைப் பாருங்கள். 'நைக்ரா' என்பதுதான் பழைய ஒற்றை அடுக்குப் பூ. 'பிளாக்நைட்' பின்னால் தேர்ந்தெடுத்து வந்தது. 'க்ரேம் தெ காஸி' அழகுதான், ஆனால் அதை நான் கறுப்பில் சேர்க்க மாட்டேன். நடுவில் அடர்ந்து, ஓரம் வெளிறி, பாதி அடுக்காகப் பூக்கும்.

எனக்கு ஒற்றை அடுக்குதான் பிடிக்கும். கரும் இதழ்களுக்கு நடுவே வெளிர்மஞ்சள் மகரந்தத் தண்டு எடுப்பாக நிற்பது ஒற்றையில்தான் தெரியும். தேனீக்கும் அதுதான் வசதி. அடுக்குப் பூவில் நடுப்பகுதி எல்லாம் இதழ்களாகக் கசங்கிப்போய்விடுகிறது.

மார்ச் 15
விதைப்பு பற்றிச் சுருக்கமாக. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். மண் இதமான சூட்டில் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர். முதல் வருடம் தரையோடு இலை விரித்து உட்கார்ந்திருக்கும். குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகுதான் தண்டு எழும்பும், ஆள் உயரம் தாண்டிக்கூடப் போகும். விதைத்த வருடமே பூக்கிற ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள், அதில் ஒன்றான 'சம்மர் கார்னிவல்' 1972இல் புதுத் தோட்ட ரகங்களுக்கான 'ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்' விருது வாங்கியது. ஆனால் பழைய கருமெரூன் வகையிடம் அந்த அவசரத்தை எதிர்பார்க்காதீர்கள். குளிரே இல்லாத இடமாக இருந்தால் இந்தச் செடி இலையாகவே காலத்தை ஓட்டிவிடலாம். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஏப்ரல் 2
நாற்றைப் பெயர்த்து நடலாமா? சின்னதாக இருக்கும்போது நடலாம். நாலைந்து இலை விட்ட பிறகு ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும், அதை அறுத்துவிட்டுச் செடியைத் தூக்கினால் பிழைத்தாலும் சோர்ந்தே நிற்கும். தொட்டியில் விதைப்பதென்றால் குறுகலான, ஆழமான தொட்டி. என்னைக் கேட்டால் நிற்கப்போகிற இடத்திலேயே விதையுங்கள்.

கூடுதலாக விதையுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். நாற்றைப் பார்த்து எது கறுப்பாகப் பூக்கும் என்று சொல்ல முடியாது, பூத்தால்தான் தெரியும். இடம் இருக்கிறதே என்று எண்ணி மூன்று நாற்றை மட்டும் வைத்தால், பிறகு தேர்ந்தெடுக்க ஒன்றும் மிஞ்சாது.

மே 20
இலைக்கு அடியில் ஆரஞ்சுப் புள்ளிகள் என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். துருநோய்தான், சந்தேகமே வேண்டாம். மேல்பக்கம் மஞ்சள் பொட்டு, அதே இடத்தில் அடிப்பக்கம் சின்னக் கொப்புளம், நாளாக ஆகப் பழுப்பு. கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும்.

இதை உண்டாக்கும் பூஞ்சை புக்சினியா மால்வேசியாரம். சிலியில் கண்டு 1852இல் பெயர் வைத்தார்கள். 1869இல் ஸ்பெயினில், 1873இல் இங்கிலாந்தில் தலைகாட்டியது. கோதுமைத் துரு போன்றவை வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க இரண்டாவதாக வேறொரு செடி வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை, எல்லாவற்றையும் ஹாலிஹாக்கிலேயே முடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் பழைய செடியின் அடித்தண்டிலும் குருத்திலும் தங்கி, இளவேனிலில் புது இலை வந்ததும் ஆரம்பித்துவிடும்.

நான் செய்வது இதுதான். புள்ளி வந்த இலையை அன்றைக்கே கிள்ளி எடுக்கிறேன், மட்குக் குழியில் போடாமல் தோட்டத்தை விட்டே அப்புறப்படுத்துகிறேன். காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர், இலை நனையக் கூடாது. தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூளை நோய் வரும் முன்னே தெளித்தால் பயன் உண்டு. வந்த கொப்புளத்தை அது ஆற்றாது, நல்ல இலையைக் காக்கும் அவ்வளவுதான். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். செடிகளுக்கிடையே காற்று போக வேண்டும். ஏப்ரலில் கூடுதலாக விதையுங்கள் என்று சொன்னேன், நெருக்கமாக வளர்க்கச் சொல்லவில்லை. இடத்தை அகலப்படுத்துங்கள், அல்லது இரண்டு இடத்தில் பிரித்து நடுங்கள்.

துரு பார்த்ததும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். கீழ் இலைகள் எல்லாம் போய் மொட்டைத் தண்டாக நின்றாலும் பெரும்பாலும் பூத்துவிடும்.

மே 21
விட்டுப்போனது ஒன்று. இந்தப் பூஞ்சை ஹாலிஹாக்கின் சொந்தக் குடும்பமான மால்வா குடும்பத்துக் களைகளிலும் வாழும், முக்கியமாக வட்ட இலையோடு தரையில் படரும் சின்ன மால்வா. வேலி ஓரத்தில் அது இருந்தால் ஹாலிஹாக்கை எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் துரு திரும்பி வரும். முதலில் அந்தக் களையை எடுங்கள்.

துரு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை. இங்கிலாந்தின் சாஃப்ரன் வால்டன் என்ற ஊரில் வில்லியம் சேட்டர் என்ற நாற்றங்கால்காரர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அடுக்கு ஹாலிஹாக்குகளால் பெயர் வாங்கியவர். அப்போது ஹாலிஹாக் கண்காட்சிப் பூ. பெயர் வைத்த ரகங்களை வெட்டுத்துண்டு வைத்தும் ஒட்டுக்கட்டியும் பெருக்கினார்கள், அப்போதுதான் நிறம் அச்சு மாறாமல் வரும். 1873இல் வந்த துரு அந்தத் தொகுப்பைச் சூறையாடிவிட்டது. வெட்டுத்துண்டு வைத்துப் பெருக்கும் வழியில் தாய்ச்செடி உயிரோடு இருந்தே ஆக வேண்டும், துரு குடியிருப்பதோ அந்தப் பழைய தாய்ச்செடியில். விதை வழியில் நிறம் ஆடும், ஆனால் ஒவ்வொரு முறையும் நோயில்லாத புதுச்செடியோடு தொடங்கலாம். அதனால்தான் நான் விதை வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 24
ஏற்கெனவே நிற்கும் செடிகள் பூக்கத் தொடங்கிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். இனிமேல்தான் வேலை.

விதை உற்பத்தி செய்கிறவர்கள் வயலில் ரகத்துக்குப் பொருந்தாத செடியைக் கலவன் என்பார்கள். கலவனை அகற்றுவதுதான் உங்கள் வேலை. ஆனால் ஹாலிஹாக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிறம் தெரிய வேண்டுமானால் பூக்க வேண்டும், பூத்த அன்றே தேனீ அந்த மகரந்தத்தைக் கறுப்புப் பூவுக்கும் எடுத்துப் போயிருக்கும். நீங்கள் பார்த்துப் பிடுங்குவதற்குள் காரியம் நடந்துவிடுகிறது.

இதற்குச் செடியின் அமைப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. ஹாலிஹாக் தண்டில் பூக்கள் கீழிருந்து மேலாக, வாரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. தோட்டத்தின் கடைசிக் கலவன் வெளியேறிய நாளில், ஒவ்வொரு கறுப்புச் செடியிலும் அன்று விரிந்திருக்கும் பூவுக்குச் சற்று மேலே ஒரு நூல் கட்டுங்கள். நூலுக்குக் கீழே உள்ள காய்கள் சந்தேகத்துக்குரியவை, அவற்றை விதைக்கு எடுக்காதீர்கள். நூலுக்கு மேலே விரிகிறவை கறுப்பும் கறுப்பும் சேர்ந்தவை. கீழ்க்காய்தான் முதலில் பழுக்கும், கைக்கும் எட்டும், அதனால் எல்லோரும் அதைத்தான் பறிக்கிறார்கள். "நான் கறுப்பிலிருந்துதான் எடுத்தேன், எப்படிச் சிவப்பு வந்தது" என்று கேட்பவர்களில் பலர் பறித்தது அந்தக் காய்தான் என்று நினைக்கிறேன்.

நிறத்தைக் காலையில், அன்று புதிதாக விரிந்த பூவில் பாருங்கள். வெயில் ஏறினால் வெளிறும், வாடத் தொடங்கிய பூ நீலம் பாய்ந்து காட்டும். இரண்டும் ஏமாற்றும்.

ஜூன் 25
பக்கத்துத் தோட்டத்தை மறந்துவிட்டு நேற்று எழுதியது போல இருக்கிறது. உங்கள் கலவன்களைப் பிடுங்கலாம், அடுத்தவர் செடியைப் பிடுங்க முடியாது. ஆகவே உங்கள் நிலையில் நூல் மட்டும் போதாது, உறையும் வேண்டும். நாளை விரியப்போகிறது என்று தெரிகிற மொட்டை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி அடியில் கட்டுங்கள். விரிந்து சூல்முடி வெளியே நீளும்வரை காத்திருங்கள். இன்னொரு கறுப்புச் செடியில் இதே மாதிரி மூடி வைத்த பூவிலிருந்து மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துத் தடவி, மறுபடி மூடுங்கள். இதழ் உதிர்ந்து காய் பிடித்ததும் பையை எடுத்துவிடலாம், காய்க்கு அடையாளக் கயிறு கட்ட மறக்க வேண்டாம்.

ஒரு காயில் வட்டமாக 20க்கும் மேல் விதை இருக்கும். சில பூக்களுக்குச் செய்தாலே ஒரு பாத்திக்குப் போதும். ஒரே தாயிடமிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அயல் மகரந்தம் தேடும் செடியை ஒரே வழியில் குறுக்கிக்கொண்டே போனால் வீரியம் குறையும். மூன்று நான்கு நல்ல கறுப்புச் செடிகளை ஒன்றுக்கொன்று மாற்றித் தடவுங்கள்.

ஜூலை 3
வேலைப் பேச்சே போதும், கொஞ்சம் பார்க்கிற பேச்சு. கறுப்புப் பூவை எங்கே வைக்கிறோம் என்பது பாதி வெற்றி. அடர்ந்த பச்சை வேலிக்கு முன்னால் நட்டால் பத்தடி தள்ளி நின்றாலே பூ மறைந்துபோகும், தண்டு மட்டும் நிற்பது மாதிரி இருக்கும். வெளிறிய சுவர், வெள்ளிச் சாம்பல் இலைச் செடி, இளமஞ்சள் பூ, இவற்றில் ஏதாவது ஒன்று பின்னால் வேண்டும். என் செடிகள் காலை வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் இடத்தில் நிற்கின்றன. ஒரே பூ ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் போனால் ஒயின் சிவப்பு. பாதையை அந்தச் செடிகளைச் சுற்றி வளைத்ததே இதற்காகத்தான்.

உதிர்ந்த இதழ்களை வீணாக்க வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்தால் ஊதாச் சாறு இறங்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் பளீர்ச் சிவப்பு, சோடா உப்பு போட்டால் பச்சைநீலம். ஆந்தோசயனின் அமிலத்துக்கும் காரத்துக்கும் காட்டும் வித்தை இது. படிகாரத்தில் ஊறவைத்த கம்பளி நூல் இந்தச் சாறைப் பிடிக்கும். முன்பு வெளிறிய ஒயினுக்கு நிறம் ஏற்றவும் இந்த இதழைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு மதியம் முழுக்கப் போகும்.

ஜூலை 19
தேனீ மேல் இவ்வளவு சந்தேகம் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈராக்கின் ஷானிதார் குகையில், அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால் மனிதன் ஒருவனின் எலும்புக்கூட்டைச் சுற்றி மகரந்தம் கிடைத்தது. அதில் ஹாலிஹாக் இனத்து மகரந்தமும் இருப்பதாகச் சொன்னார்கள், இறந்தவனுக்கு மலர் தூவிப் புதைத்தார்கள் என்ற கருத்து 1970களில் பரவியது. பின்னால் வந்த ஆய்வாளர்கள், அந்த மகரந்தம் மண்ணில் வளை தோண்டும் தேனீக்கள் கொண்டுவந்து சேர்த்ததாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். குகைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய பூச்சிக்கு உங்கள் வேலி எம்மாத்திரம்? பையைக் கட்டுங்கள்.

ஜூலை 20
மழையில் பை நனைந்து பூ அழுகுகிறது என்றால் துணி தடிப்பாக இருக்கிறது. இன்னும் இழை விலகிய துணியாகப் பாருங்கள். அப்புறம் தண்டுக்குக் குச்சி நட்டு முட்டுக்கொடுங்கள். பை கட்டிய தண்டு காற்றில் சீக்கிரம் சாயும்.

ஆகஸ்ட் 30
காய் பச்சையாக இருக்கும்போது பறிக்காதீர்கள். மூடியிருக்கும் புல்லி இதழ்கள் காய்ந்து விலகி, உள்ளே விதை வளையம் பழுப்பாகத் தெரியும்போது எடுங்கள். காகிதத்தில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

பிறகு உட்கார்ந்து சுத்தம் பண்ணுங்கள், இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். காய்ந்த புல்லி இதழிலும் உமியிலும் துரு வித்துக்கள் ஒட்டியிருக்கும், உமியோடு விதைத்தால் நோயையும் சேர்த்து விதைக்கிறோம். ஒவ்வொரு விதையாகத் தனித்து வரும்வரை தேய்த்துப் புடைத்துவிடுங்கள்.

விதையில் வட்ட ஓட்டை தெரிந்தால் அது ஹாலிஹாக் கூன்வண்டு. நீண்ட மூக்கால் மொட்டைத் துளைத்து முட்டை வைக்கும், புழு விதையின் பருப்பைத் தின்றே வளரும். ஓட்டை விழுந்ததைக் கழித்துவிட்டு மீதியைச் சில நாள் உறைபெட்டியில் வையுங்கள், உள்ளே இருக்கும் வண்டு செத்துவிடும். அதற்கு முன் விதை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 6
பூத்து முடிந்த செடியைத் தோண்டி எடுப்பதா, விடுவதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாள் பிடித்தது. மே மாதம் எழுதியதை வைத்துப் பார்த்தால் தோண்டி எடுப்பதுதான் சரி. பழைய செடி துருவின் குளிர்கால வீடு. ஆனால் பூத்த தண்டை விதைக்கு விடாமல் வெட்டினால் ஹாலிஹாக் பல முறை இன்னொரு வருடமும் வரும். நிறம் தெரிந்த, கைவசம் இருக்கிற கறுப்புச் செடியை எப்படித் தூக்கிப் போடுவது? பூக்காத நாற்றுக்கு அந்த உத்தரவாதம் இல்லையே.

யோசித்து இப்போது இப்படிச் செய்கிறேன். இருப்பதிலேயே மிகக் கறுத்த, துரு குறைவாகப் பிடித்த செடியை மட்டும் விடுகிறேன். தண்டைத் தரையோடு வெட்டி, பழைய இலை ஒன்றுகூட இல்லாமல் நீக்கி, மேல் மண்ணைச் சுரண்டிப் புதுமண் போடுகிறேன். புது நாற்றுகளை அதற்குப் பக்கத்தில் வைப்பதில்லை, தோட்டத்தின் மறுகோடி. அடுத்த பருவத்தில் நாற்றுகளில் வரும் கறுப்புக்கு இது இணை. அந்த விதை பழுத்ததும் பழைய செடிக்கு விடை கொடுத்துவிடலாம். மீதி எல்லாம் வேரோடு வெளியே.

துருவைப் பார்த்து மனம் விட்டுப்போய், அத்தி இலை ஹாலிஹாக் வாங்கலாமா என்று கேட்டீர்கள். அது வேறு இனம், இலை விரல் விரலாகப் பிளந்திருக்கும், துருவை நன்றாகவே தாங்கும். வளருங்கள், நல்ல செடி. ஆனால் அதுவும் இதுவும் கலக்கும், ஆகவே கறுப்புக்கு விதை எடுக்கிற வருடத்தில் வேண்டாம்.

கட்டிய காய்களின் விதையில் பாதியை மட்டும் இப்போது விதையுங்கள், மற்றதை உலர்ந்த காகித உறையில் வருடம் எழுதி வையுங்கள். சில வருடம் முளைப்புத்திறன் இருக்கும். நூலுக்குக் கீழே பறித்ததையும் கலந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தீர்கள், அந்த உறையைத் தனியாகச் சாலையோரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த நிறம் வந்தாலும் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சாலையோரம் பூக்கிற நாட்களில் தோட்டத்தில் பை கட்டாமல் இருக்காதீர்கள்.